கழுத்துக் காப்பும் சில பிழையான எண்ணங்களும்

பெட்டாலிங் ஜெயாவை அடுத்த பத்து தீகாவில் 1968இல் மோட்டார்ப் பந்தயத் தடம் திறக்கப்பெற்ற காலத்தில், ஓட்டுநரின் தலைக்குக் காவல் தலைக்கவசமே. இன்றும் அது ஒன்றே போதும் என எண்ணுவோர் உளர். அது பிழை. விரைந்து செல்லும் வண்டி சுவரில் மோதி நிற்குங்கால், வார்கள் உடலைப் பற்றிக்கொள்ளும். தலையோ கவசத்தின் எடையையும் சுமந்து முன்னே பாயும். எதிலும் முட்டாமலேயே மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து உயிர் போகலாம்.

இக்கேட்டைத் தடுக்கும் ‘ஹான்ஸ்’ என்னும் காப்பு, அமெரிக்க வீரர் டேல் எர்ன்ஹார்ட் 2001இல் டேட்டோனாவில் இறந்த பின்னரே தோன்றியது என்பர் பலர். உண்மையில் அது அதற்கு ஏறத்தாழ இருபதாண்டு மூத்தது! 1981இல் பாட்ரிக் ஜாக்மார் என்னும் ஓட்டுநர் மாண்டார். அவர்தம் நண்பர் ஜிம் டவுனிங்கும் பந்தய ஓட்டுநரே. அவர் தம் மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டிடம் வழி கேட்டார். அதன் பயனே இக்கருவி. கருவி இருந்தும் அணிவார் சிலரே. வசதிக்குறைவு என்றனர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அது கட்டாயமானது 2003இல்தான்.

கழுத்தை அசையவொட்டாது இறுக்கிவிடும் என்பதும் சரியன்று. தோளில் அமரும் அதன் பட்டையை வார்கள் அழுத்திப் பிடிக்கின்றன. இரு நாடாக்கள் கவசத்தை அதனோடு பிணைக்கின்றன. தலை இருபுறமும் திரும்பும். முன்பாய்ச்சல் மட்டுமே தடைப்படும். இருக்கையோடு அதற்குப் பிணைப்பே இல்லை. 2005இல் செப்பாங்கில் பதினோராவதாக வந்த கோவை நரேன் கார்த்திகேயன் காலத்து ஓட்டுநர்கள், வாரைக் கழற்றியதும் அதனைத் தோளில் தாங்கியவாறே வண்டியினின்று இறங்கினர்.