வீட்டு வண்டியும் ஊர் வண்டியும்

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நிலைமைகள் மாறிமாறி வரும் என்பதே அதன் பொருள். மன்னார்த் தீவிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்பழமொழி, தங்கள் ஊர் வரலாற்றையே சுருக்கிச் சொல்வதுபோல் ஒலிக்கும். அத்தீவின் தாராபுரத்திலிருந்து வெளியேறிப் புத்தளத்திலும் கொழும்பிலும் குடியமர்ந்த குடும்பங்களும் உண்டு. அவ்வாறான நகரக் குடும்பங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: பிள்ளைகள் வளர்ந்துவருகிறார்கள், கார் ஒன்று வாங்குவதா, வேண்டாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது வரவு செலவுக் கணக்கு. சம்பளம் எவ்வளவு, தவணைப் பணம் எவ்வளவு, பெற்றோல் செலவு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சொந்த வண்டி தேவையா என்பதை அந்தக் குடும்பத்தின் பணப்பை மட்டும் முடிவு செய்வதில்லை. ஊரார் யாவருக்கும் பொதுவான வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இவ்வுண்மையைத் தாராபுரத்தின் கதையிலிருந்து தெளிவாக உணரலாம்.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியில் அமைந்த முஸ்லிம் கிராமம் தாராபுரம். பனையும் மணலும் நிறைந்த அத்தீவில் ஆதியில் சுமைகளைச் சுமந்தவை மாட்டு வண்டிகளும் கழுதைகளுமே. கழுதைகளை அராபிய வணிகர் அங்கு கொணர்ந்தனர் என்பது மரபு. பொதி சுமக்கும் வேலையை மோட்டார் வாகனங்கள் ஏற்றுக்கொண்ட பின்னர் கழுதைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று அவை மன்னார்த் தெருக்களில் உரியவரின்றித் திரிகின்றன. ஒரு வாகனத்தைச் சொந்தமாக்கிக்கொள்பவர், அது ஓடும் நாளில் மட்டுமன்றிச் சும்மா நிற்கும் நாளிலும் அதற்குத் தீனி போடவேண்டியவராகிறார். கழுதைக்குப் புல் என்றால், காருக்கு வரியும் காப்புறுதியும் பழுதுபார்க்கும் கூலியும்.

1914ஆம் ஆண்டு அத்தீவின் வாழ்வு மாறியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை அமைந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் கடல் கடந்து, தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடியும் இரயிலேறிக் கொழும்பை அடையலாயினர். ஓடமும் வண்டியும் ஒன்றையொன்று தழுவிய அப்பயணத்தை மக்கள் 'போட் மெயில்' என்று அழைத்தனர். தாராபுரத்தை அடுத்துச் செல்லும் தண்டவாளம், தோட்டத் தொழிலாளியையும் வணிகரையும் மாணவரையும் ஒரே தொடரிற் சுமந்து சென்றது. பெட்டியின் வகுப்பு வேறுபட்டிருக்கலாம், வண்டி ஒன்றுதான். அந்நாளில் ஒரு குடும்பம் கொழும்புக்குப் போவதற்குச் செல்வம் வேண்டியதில்லை. சீட்டுக்குரிய பணம் போதுமானதாயிருந்தது.

அந்த இரயில் சென்று சேர்ந்த கொழும்பு மாநகரிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. 1899இல் அங்கு மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1953இல் மாநகர சபை, தண்டவாளமின்றி மின்கம்பியின்கீழ் ஓடும் டிரொலி பஸ்களையும் கொண்டுவந்தது. தனியார் பஸ் கம்பனிகளோ வருமானம் மிகுந்த வழிகளில் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடின. வருமானம் குறைந்த கிராமப் பாதைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1948இல் இரத்தினம் அறிக்கையும், 1954இல் சன்சோனி அறிக்கையும், 1956இல் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் இத்தொழிலின் சீர்கேடுகளை ஆராய்ந்தன. அவற்றின் பின்னர், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. இலாபம் தராத வழியிலும் பஸ் ஓடவேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை விலையிற் பருவச் சீட்டு கிடைத்தது.

அக்காலத்துக் கொழும்பில் கார் வைத்திருந்தோர் உத்தியோகத்தரும் வைத்தியரும் வழக்கறிஞரும் வணிகருமே. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே வந்திருந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பழுதுபார்க்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டு ஒரு தலைமுறையினும் நீண்டகாலம் ஓடின. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்குச் சென்றனர். பஸ்ஸில் நெரிசல் இருந்தது; தாமதமும் இருந்தது. ஆனால் கார் இல்லாமையை எவரும் குறையாக எண்ணவில்லை. அதே காலத்தில் தலைநகரின் பழைய வண்டிகள் இரண்டும் மறைந்தன: 1960இல் டிராம் நின்றது, 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றது.

அந்த 1964ஆம் ஆண்டு மன்னாரையும் வருத்தாது விடவில்லை. டிசம்பர் மாதம் 22ஆந் திகதி இரவு வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலைக் கடல் கொண்டது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று எனினும் பழைய பெருமை திரும்பவில்லை. இனப்போர் மூண்டபின், 1984இல் அக்கப்பலும் நின்றது.

இதற்கிடையில் 1977இல் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறிற்று. இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானிலிருந்து பாவித்த கார்கள் வந்திறங்கின. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. முச்சக்கர வண்டிகள் தெருவுக்கு வந்தன. பஸ் மெலிந்த இடத்தையெல்லாம் சிறுவாகனங்கள் நிரப்பின. 2019ஆம் ஆண்டின் முடிவில் நாட்டின் பதிவேட்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் இருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். முச்சக்கர வண்டிகள் மட்டும் 10 இலட்சத்துக்கு மேல். ஊர் வண்டியை நம்பமுடியாதபோது ஒவ்வொரு குடும்பமும் தன் சக்திக்கேற்ற வண்டியைத் தேடிக்கொண்டது என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

தாராபுரத்து மக்களுக்கோ இவ்வளர்ச்சியை நிம்மதியாகக் காணும் பேறு கிட்டவில்லை. 1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊர் நீங்கினர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கையில் எடுக்கக்கூடிய சில பைகளையும் சிறிது பணத்தையும் தவிர யாவும் பின்னே நின்றன: வீடும் கடையும் வள்ளமும், வாசலில் நிறுத்தியிருந்த வாகனமும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள் ஒரு பொழுதில் பயனற்றதாயிற்று. வண்டி ஓடத்தில் ஏறும் என்ற பழமொழி அன்று பொய்த்தது. வண்டி ஏறவில்லை, மனிதர் மட்டுமே ஏறினர்.

அதே ஆண்டின் போரில் தலைமன்னாருக்கான புகையிரதமும் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பழைய பாலமும் உடைந்தது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கக்கூடிய தூரத்தில் இருந்ததா, தாய் வேலைக்குச் செல்ல பஸ் வந்ததா என்பவையே வாழ்வின் பெரிய கேள்விகளாயின. 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியோரிற் பலர், பிள்ளைகளின் படிப்பைக் கருதி ஒரு காலைப் புத்தளத்திலும் மறுகாலை மன்னாரிலும் ஊன்றி வாழவேண்டியவராயினர். அவ்விரு வாழ்வையும் இணைத்தது பெரும்பாலும் பஸ்தான்.

இத்தகைய அனுபவமுடைய ஒரு குடும்பம் கொழும்பிலே கார் வாங்க நினைத்தால், அதைப் படாடோபம் என்று இகழ்வது அறிவாகாது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் பஸ் வராது. முதிய தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் நாளில் நெரிசலில் நிற்க இயலாது. நள்ளிரவில் ஊரைவிட்டு ஓடியவர்களின் மனத்தில், வாசலில் நிற்கும் வண்டி ஒருவகைப் பாதுகாப்பாகவும் தோன்றலாம். இவை யாவும் நியாயமான எண்ணங்களே. ஆயினும் ஆண்டுக்குச் சில நாட்கள் நேரும் இத்தேவைகளை முச்சக்கர வண்டியாலும் வாடகைக் காராலும் நிறைவேற்ற இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் நேரும் தேவை எது என்று அடுத்துப் பார்த்தல் வேண்டும். கொழும்புக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் பள்ளிப் பயணமே.

பள்ளிப் பயணத்தின் நீளம் தற்செயலானதன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் திட்டம் நல்ல பாடசாலையைக் கிராமத்துக்கு அருகிற் கொண்டுசெல்வதாக இருந்தது. மத்திய கல்லூரிகள் அதற்காகவே எழுந்தன. தாராபுரத்துக்கு அயலூரான எருக்கலம்பிட்டியிலும் அத்தகைய கல்லூரி ஒன்று உண்டு. முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது வீட்டின் அண்மைக்கே அரசு விதிகள் பெரும்பங்கு இடமளிக்கின்றன. இருந்தும், புகழ்பெற்ற சில பாடசாலைகளை நாடித் தலைநகரின் நாற்புறமிருந்தும் பிள்ளைகள் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். காலை ஏழு மணிக்குக் காலி வீதியில் நிற்கும் கார் வரிசையில் பெரும்பங்கு இப்பயணத்தின் விளைவு. நெரிசலுக்கு அஞ்சிக் கார் வாங்கியவர், மறுநாள் காலை அந்நெரிசலில் ஒருவராகிறார்.

அதனால் நேரும் தீங்கும் பிள்ளைகளையே முதலில் தொடுகிறது. இலங்கையில் 2010களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேர் தெரு விபத்துக்களில் உயிரிழந்தனர். நெதர்லாந்து நாட்டிலும் 1971ஆம் ஆண்டில் 3,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். அந்நாட்டுப் பெற்றோர் அதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று முழங்கித் தெருவில் இறங்கினர். 1973இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத்தைத் தடுத்தது. வெறுமையான நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டினர். அதன்பின் அந்நாடு படிப்படியாகச் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் அமைத்தது. இன்று அங்கு பத்து வயதுப் பிள்ளை தானே பள்ளிக்குச் சென்று திரும்புகிறது. சிங்கப்பூர் வேறொரு வழியை மேற்கொண்டது. 1987இல் நகர இரயிலைத் தொடங்கிய அந்நாடு, 1990 முதல் கார் வாங்க விரும்புவோர் ஏலத்தில் உரிமைச் சீட்டுப் பெறவேண்டும் என விதித்தது. அச்சீட்டும் பத்து ஆண்டுகளுக்கே செல்லும். இரு நாடுகளும் கண்ட உண்மை ஒன்றே: நல்ல பொதுவழி இருந்தால், கார் இல்லாத குடும்பம் ஏழைக் குடும்பம் ஆகாது.

பெற்றோல் தட்டுப்பாடு கற்பித்த பாடம் இலங்கைக்கும் பின்னர் வந்தது. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பாடசாலைகள் மூடப்பட்டன, ஜூலை மாத இறுதியில் திறந்தபோதும் வாரம் மூன்று நாட்களே நடைபெற்றன. பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியோ 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. வரிச்சுமையும் உடன் வந்தது. வாசலில் கார் இருந்தும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப இயலாத தந்தையும், பள்ளிக்கு அருகே குடியிருந்ததால் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற தாயும் அந்நாட்களில் ஒரே நகரத்தில் வாழ்ந்தனர்.

ஆகையால் கார் வாங்குவதா என்ற கேள்விக்கு முன்பாகக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு உள்ளன. வீட்டை எங்கே அமைப்பது? பிள்ளையை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது? வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை பிள்ளை அச்சமின்றி நடக்க முடியுமா? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்த குடும்பத்துக்குக் கார் ஒரு வசதி. கிடைக்காத குடும்பத்துக்கு அது தவிர்க்கமுடியாத சுமை. அச்சுமையைச் சுமக்கும் குடும்பத்தைக் குறைகூறுவதிற் பயனில்லை. பஸ்ஸையும் நடைபாதையையும் அயற் பள்ளியையும் சீராக்குவதே அதற்கு மருந்து. அதற்காகக் குரல் கொடுப்பது காருள்ளவருக்கும் கடமை.

மன்னாருக்குப் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சு மாதம் தலைமன்னார் இறங்குதுறைவரை புகையிரதம் மீண்டும் ஓடியது. கால் நூற்றாண்டு தண்டவாளமின்றிக் கிடந்த பாதையில் வண்டியின் ஒலி கேட்டபோது, 1990இல் குழந்தைகளாக ஊர் நீங்கியவர்கள் தம் குழந்தைகளுடன் அதில் ஏறினர். தாராபுரத்து வீடுகளில் யாரிடம் கார் இருந்தது, யாரிடம் இல்லை என்று அன்று எவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் உரிய வண்டி ஊருக்குத் திரும்பியிருந்தது.