பாஸ்கலின் பந்தயம்

கடவுள் உண்டா, இல்லையா என்பது மிகப் பழைய வினா. இதற்குச் சான்று தேடிய அறிஞர் பலர். ஆனால், சான்று கிட்டாத இடத்தில் மனிதன் எவ்வாறு முடிவு செய்வது என்று கேட்டார், பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை பிளெய்ஸ் பாஸ்கல் (1623–1662). அதற்கு வேண்டிய கருவியை அவர் சூதாட்டக் கணக்கொன்றிலிருந்து பெற்றார் என்பது வியப்பிற்குரியது.

இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கே 64 காசும் உரியது. ஒருவர் இரண்டும், மற்றவர் ஒன்றும் வென்றிருக்கையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எப்படிப் பங்கிடுவது? 1654ஆம் ஆண்டு ஃபெர்மா என்ற கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் பாஸ்கல் விடை கண்டார். அடுத்த ஆட்டத்தில் முதல்வர் தோற்றாலும் இருவரும் சமநிலை அடைவர். ஆகவே 32 காசு அவருக்கு உறுதி. எஞ்சிய 32க்கு இருவருக்கும் சம வாய்ப்பு. எனவே முதல்வருக்கு 48, மற்றவருக்கு 16. நடவாத ஆட்டத்திற்கும் மதிப்பிடலாம் என்னும் இவ்வுண்மையே நிகழ்தகவுக் கணிதத்திற்கு வித்தாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு, பாஸ்கல் ஆழ்ந்த சமய அனுபவம் ஒன்றை எய்தினார். அதனைக் குறித்த ஏட்டினை அவர் தம் சட்டையினுள் தைத்து வைத்திருந்தது, அவர் மறைந்த பின்னரே தெரியவந்தது.

அவர் விட்டுச் சென்ற குறிப்புகள் 1670இல் 'சிந்தனைகள்' என்ற பெயரில் நூலாயின. புகழ்பெற்ற பந்தய வாதம் அதில்தான் உள்ளது. கடவுள் உளர் என நம்பி வாழ்ந்து, அவர் உளரெனின் வரும் பேறு அளவற்றது; இலரெனின் இழப்பு அளவுடையது. பந்தயம் கட்டாமல் ஒதுங்கியிருத்தலும் இயலாது. ஏனெனில் வாழ்வதே ஒரு பக்கம் சாய்வதாகும். ஆகவே நம்புவதே அறிவுடைமை என்றார்.

எதிர்ப்பும் எழுந்தது. ஒன்றை நம்புவதால் நன்மை உண்டு என்பது அது மெய் என்பதற்குச் சான்றாகாது என்று 1734இல் வெளியான நூலில் வால்டேர் மறுத்தார். இதே வாதத்தை வேறொரு சமயத்தாரும் கூறலாமே என்று திதரோ சுட்டினார்.

பாஸ்கலின் பந்தயத்தில் முடிவெடுப்பவன் மனிதன் ஒருவனே. எதிரில் இருப்பவரும் சிந்தித்து முடிவெடுப்பவராயின் என் செய்வது? 1944இல் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல் இத்தகைய வினாக்களைக் கணிதமாக்கியது. 1983இல் ஸ்டீவன் பிராம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இறைவனையும் மனிதனையும் ஈர் ஆட்டக்காரராகக் கொண்டு ஒரு நூலே இயற்றினார்.

இவற்றால் கடவுள் உண்மை நிறுவப்படவில்லை; மறுக்கப்படவுமில்லை. ஆயினும், 'எது மெய்?' என்பதும் 'மெய் தெரியாதபோது எது செய்யத்தக்கது?' என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பது தெளிவாயிற்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் மாணவர், எந்த வாதத்தைக் கேட்பினும் எளிதில் மயங்கார்.