கடைவாசலும் கடைக்காரர் மதமும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் ஆழத்தையே முதலிற் சொல்வர். அந்த ஆழந்தான் போர்த்துக்கீசரையும் ஒல்லாந்தரையும் பிரெஞ்சுக்காரரையும் பிரித்தானியரையும் ஒருவர்பின் ஒருவராக அங்கே இழுத்துவந்தது. துறைமுகத்துக்கு வேறோர் இயல்பும் உண்டு. புயலிற் பாய்மரம் முறிந்த கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் நுழையும்போது, மாலுமி எந்தத் தெய்வத்தை வணங்குகிறான் என்று துறை கேட்பதில்லை. கரையில் அரிசி விற்பவரும் கயிறு விற்பவரும் கேட்பதில்லை. கேட்டாற் பிழைப்பு நடவாது.

இன்று அம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ அருகருகே வாழ்கின்றனர். கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காற்றிற் கலக்கின்றன. அத்தகைய ஊரில் ஒரு கடைக்காரர், “உமது மதத்தவருக்கு இங்கே விற்பதில்லை” என்று சொல்லலாமா? சொன்னால், அது அவருடைய மதச் சுதந்திரம் ஆகுமா? இக்கேள்விக்கு வரலாற்றிடம் விடை கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலைக்கு வடமேற்கே வெல்கம் விகாரை என்னும் பழைய பௌத்தப் பள்ளி உண்டு. சோழர் ஆட்சிக் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக்கள், அப்பள்ளிக்கு விளக்கும் கால்நடையும் காசும் வழங்கியோரின் கொடையைப் பதிவு செய்கின்றன. இத்தீவின் தென்கோடியிலும் இதற்கோர் இணை உண்டு. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதி பொறித்தது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைத் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றது. இவற்றைக்கொண்டு அக்காலம் பொற்காலம் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. சோழர் வந்தது வாளோடுதான். செங் ஹோவின் கப்பல்களிலும் படை இருந்தது. ஆயினும் கடல்வழி வாணிகம் நடந்த இடங்களில், பிற மதத்தாரை மதியாமல் வாணிகம் நடவாது என்னும் உண்மையை வலிமையுடையோரும் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வு அழிந்தபோது என்ன நேரும் என்பதையும் திருகோணமலையே காட்டியது. 1620களிற் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர்.

இனி இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்தன. 1944இற் பிரித்தானியக் கீழைக் கடற்படையின் தளமாக அத்துறைமுகம் விளங்கியது. சாம்ராச்சியத்தின் பல நிறத்தவரும் பல மதத்தவரும் ஒரே கொடியின்கீழ்ப் போரிட்டனர். அதே காலத்தில், சாம்ராச்சியத்தின் தலைநகரில் நடந்தது என்ன? மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைன் 1943இல் இலண்டன் விடுதியொன்றில் அறை ஒழுங்கு செய்திருந்தார். அவருடைய நிறத்தைக் காரணங்காட்டி விடுதியார் அவரை ஏற்க மறுத்தனர். அவர் வழக்காடினார். 1944இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கிடைத்த நட்டஈடு ஐந்து கினி மட்டுமே. ஆயினும் வழக்கின் அடிப்படை பெரிது. வழிப்போக்கருக்கென விடுதி திறந்தவர், நியாயமான காரணமின்றி எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டம். தன் வீட்டுக் கதவை ஒருவர் விரும்பியவாறு சாத்தலாம். ஊருக்கென்று திறந்த கதவை அவ்வாறு சாத்த இயலாது.

1957இற் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அந்நியர் பிடியிலிருந்து துறைமுகம் விடுபட்ட அதே ஆண்டில், நாட்டின் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் 21ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதியைக் காரணங்காட்டிக் கடை, உணவுச்சாலை, முடிதிருத்தகம், கோயில் முதலியவற்றில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது அச்சட்டம். அதற்கான தேவை வடக்கே யாழ்ப்பாணத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அங்குள்ள தேநீர்க்கடைகளில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே அமர முடியாது. வெளியே நின்று தகரப்பேணியிலோ போத்தலிலோ சிரட்டையிலோ தேநீர் வாங்கிக் குடிக்க வேண்டும். கேட்டாற் சைவ ஆசாரம் என்பார்கள், தீட்டு என்பார்கள். தீட்டு அம்மனிதனின் கையில் இருந்தது; அந்தக் கை நீட்டிய காசில் மட்டும் இருக்கவில்லை!

சட்டம் இயற்றியதால் மட்டும் கடை திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தின்மீது பொலிசார் தாக்குதல் நடத்தினர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுந்தது. சங்கானை, நெல்லியடி, அச்சுவேலி ஆகிய இடங்களிற் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இற் தடுத்து நின்றமைக்காக அச்சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்ட சி. சுந்தரலிங்கம், இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றும் 1971இற் தோற்றார். அந்தப் போராட்ட காலத்தின் மனிதரை நம் இலக்கியம் மறக்கவில்லை என்பதற்கு கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலே சான்று.

இவ்விடத்தில் நம் பார்வையை அமெரிக்காவின் பக்கமும் திருப்ப வேண்டும். அங்கும் அதே பத்தாண்டில் இதே போராட்டம் நிகழ்ந்தது. 1960 பெப்ரவரி முதலாம் நாள், கிரீன்ஸ்பரோ நகரின் உணவுமேடையொன்றிற் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்து எழ மறுத்தனர். 1964இற் குடியுரிமைச் சட்டம் வந்தது. தென் கரோலினாவில் இறைச்சி உணவுக்கடைகள் நடத்திய ஒருவர், நிறங்கள் கலப்பது தமது மதநம்பிக்கைக்கு மாறானது என்று வாதாடினார். 1968இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என ஒதுக்கியது. சங்கானையில் ஆசாரம் பேசியவருக்கும் தென் கரோலினாவில் வேதம் பேசியவருக்கும் இடையே பெருங்கடல்கள் இருந்தன. இருவரும் ஆதிக்கத்துக்கு அணிவித்த ஆடை ஒன்றே.

சாதியின் பெயரால் மறுப்பது குற்றம். மதத்தின் பெயரால் மறுத்தால்? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை இதற்குத் தெளிவாக விடை கூறுகின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு, கடைகளுக்கோ பொது உணவகங்களுக்கோ விடுதிகளுக்கோ செல்வதில் எவர்மீதும் தடை விதிக்கலாகாது என்பது அதன் கருத்து. சொல் நன்று. ஆனால் இவ்வுரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்ல வழிகாட்டும் 126ஆம் உறுப்புரை, நிருவாகத்துறையின் செயலையே மீறலாகக் கொள்கின்றது. அதற்கும் ஒரு மாதத் தவணையே உண்டு. கடைக்காரர் தனியார். அதிகாரி துணை நின்றார், அல்லது கைகட்டி நின்றார் என்று காட்டினாலன்றி அவ்வழி எளிதில் திறவாது. 1957ஆம் ஆண்டுச் சட்டமோ சாதியைத் தாண்டவில்லை. ஆக, மதத்தின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்டவரின் கையில் உரிமை இருக்கின்றது. அதைத் திறக்கும் சாவி இல்லை.

இந்த இடைவெளி ஏட்டுச் சங்கதியன்று. 2006 ஏப்ரல் 12ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்களுக்கு முன், திருகோணமலைச் சந்தையிற் குண்டு வெடித்தது. தொடர்ந்த வன்முறையில் தமிழர் கடைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 2018 பெப்ரவரியில், அதே கிழக்கு மாகாணத்தின் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி கிளம்பிக் கும்பல் தாக்கியது. அது வெறும் மாப்பொருளே என அரச பகுப்பாய்வு பின்னர் கூறிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்களின் பின், முகத்தை மூடத் தடைவந்தது. அதைச் சாட்டாக்கித் தலையை மட்டும் மூடிய பெண்களும் பல இடங்களில் வாசலிற் தடுக்கப்பட்டனர். அவ்வாண்டு யூனில் வென்னப்புவப் பிரதேச சபை, தங்கொட்டுவைச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளுக்குத் தடை விதித்தது. ஒரு சிலர் செய்த கொலைக்கு, முட்டையும் மரக்கறியும் விற்றுப் பிழைக்கும் ஏழை பொறுப்பாளியாக்கப்பட்டார். இதனால் இலாபமடைவது யார்? போட்டி ஒழிந்த பெருவியாபாரியே. விலையேற்றத்தைச் சுமப்பவர், மறுத்தவரின் மதத்தைச் சேர்ந்த ஏழையுந்தான்.

இனி எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். கடைக்காரருக்கு மனச்சாட்சி இல்லையா? உண்டு, அதை மதிக்கவே வேண்டும். சைவ உணவுக்கடையில் மீன்குழம்பு கேட்டு வழக்காட முடியாது. முஸ்லிமின் இறைச்சிக்கடை பன்றியிறைச்சி விற்கவேண்டியதில்லை. வெள்ளி நண்பகலில் அது மூடப்படுவதில் யாருக்கும் குறையில்லை. 2013இல் ஹலால் முத்திரைக்கெதிராகப் பெருங்கூச்சல் எழுந்ததே. அம்முத்திரை எவரை வாசலில் நிறுத்தியது? பண்டம் எத்தகையது என்பதையே அது அறிவித்தது. 2018இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் வட அயர்லாந்து வெதுப்பகம் ஒன்றின் வழக்கில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டது. ஒருபாற் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத அக்கடையார் மறுத்தனர். எவர் கேட்டிருந்தாலும் அவ்வாசகத்தை மறுத்திருப்பார்கள். ஆகவே அது ஆளை மறுத்ததாகாது என்றது நீதிமன்றம். அத்தீர்ப்பை ஏற்காதோரும் அந்த வேறுபாட்டை மறுப்பதற்கில்லை.

எதைச் சமைப்பது, எதை விற்பது என்பதிற் கடைக்காரரின் மதம் பேசலாம். யாருக்கு விற்பது என்பதில் அது பேச இடமில்லை. பானை அவருடையது, வாசற்படி ஊருடையது. அந்த வாசற்படிக்கு முன்னுள்ள வீதி எல்லோர் வரியாலும் போடப்பட்டது. வாசலைக் காக்கும் பொலிசாருக்கு எல்லோரும் கூலி கொடுக்கின்றனர். ஊரின் பொதுமையிலிருந்து இலாபம் பெறுபவர், ஊரின் ஒரு பகுதியை ஊரல்லவென்று தள்ளலாகாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2018இற் திருகோணமலையில் அபாயா அணிந்த ஆசிரியைகளை எதிர்த்து ஒரு பாடசாலை வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. கடைக்குப் பொருந்தும் நியாயம், பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கு இன்னும் வலுவாகப் பொருந்தும். பேணியில் தேநீர் வாங்கிக் குடித்தவர்களுக்காக வாதாடிய தமிழ்ச் சமூகம், தன் வாசலில் இன்னொருவரை நிறுத்துமானால், சங்கானையிற் சிந்திய குருதிக்கு என்ன பொருள்?

1957ஆம் ஆண்டுச் சட்டத்திற் சாதி என்ற சொல்லுக்கு அருகே மதம் என்ற சொல்லையும் சேர்க்கவேண்டும். தனியாரின் மறுப்புக்கும் நீதிமன்றத்தில் எளிய பரிகாரம் வேண்டும். இக்கோரிக்கையை மதத்தால் மறுக்கப்பட்டவர் மட்டும் எழுப்பினாற் போதாது. அன்று தேநீர்க்கடைக்குள் சென்றவர்களோடு, உள்ளே அமரும் உரிமை முன்னரே பெற்றிருந்த சிலரும் உடன் சென்று அமர்ந்தனர். இன்றும் நாம் செய்யவேண்டியது அதுதான்.