மயிற்பொறியின் விதிகள்: சீவகசிந்தாமணியில் ஒரு புனைவு ஒழுங்கு

தமிழ்க் காப்பியங்களில் அற்புதம் உண்டு, அற்புதத்துக்கு விதி கிடையாது என்பது நம் ஆய்வுலகில் நெடுங்காலமாக மறுப்பின்றி வழங்கிவரும் கருத்து. இதன் நீட்சியாக இன்னொன்றும் சொல்லப்படுகிறது. மின்சாரமும் இயந்திரமும் வராத ஓர் உலகத்தைக் கற்பனையில் கட்டி, அந்த உலகத்துக்கென்று சட்டதிட்டம் வகுத்து எழுதும் கலை நமக்கு ஆங்கிலம் வழியாக வந்த புதுச்சரக்கு என்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்' தொடங்கி 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' வரை எதைப் பற்றிப் பேசினாலும் இந்த முன்முடிவு பின்னணியில் நிற்கிறது. இதை நான் ஏற்கவில்லை. ஏற்காததற்கான காரணத்தைச் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி ஒன்றைக் கொண்டே சொல்லப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு வாசிப்பை ஒதுக்கிவைக்க வேண்டும். புறநானூற்று 27ஆம் பாட்டின் பாகனில்லா வானவூர்தியையும் இந்த மயிலையும் சேர்த்துவைத்து, பழந்தமிழர் விமானம் செய்தார்கள் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பாட்டு இலக்கியச் சான்று; பட்டறைக் குறிப்பு அல்ல. பறத்தலின் இயற்பியலைக் கற்க விரும்பும் மாணவருக்குக் கோட்டூர்புரத்தில் அறிவியல் மையம் இருக்கிறது. அதே பகுதியில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிந்தாமணியைக் கையில் எடுப்பவர் தேடவேண்டியது வேறு. இந்த வாதத்தை இதற்கு மேல் தொடரத் தேவையில்லை.

கதை தெரிந்ததுதான். விசயை கண்ட கனவின் பொருள் தன் முடிவு என்று உணர்ந்த அரசன் சச்சந்தன், கருவுற்றிருக்கும் அரசிக்காக ஒரு பொறி செய்விக்கிறான். அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்ததும் அவளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போரில் மாய்கிறான். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். இந்தப் பகுதியைச் சோகச் சுவைக்கும் நிலையாமைக்கும் எடுத்துக்காட்டாகக் கற்பிப்பது வழக்கம். மயிலை ஒரு வசதியான கருவியாக, அரசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேர்க்கும் வாகனமாக மட்டும் கண்டு கடந்துவிடுகிறார்கள். ஆனால் காப்பியத்தின் ஆசிரியர் திருத்தக்கதேவர் அப்படிக் கடக்கவில்லை. பொறியைப் பற்றி அடுத்தடுத்து வரும் சில பாட்டுகளில் அவர் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பொருள்கள். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று பெயர் சொல்லி அடுக்குகிறார். இவற்றோடு தக்க பிறவும் என்று முடிக்கிறார். பொன்னும் மணியும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பிய மரபில் அரசனுக்கென்று செய்யும் எந்தப் பொருளும் பொன்னில்லாமல் பாட்டில் நுழைவது அரிது. இங்கே இருப்பதோ கைவினைஞர் பட்டறையில் அன்றாடம் கிடக்கும் எளிய பொருள். எடை குறைந்த பொருளும்கூட. புலவர் எடையை நினைத்தே தேர்ந்தார் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பறக்கவேண்டிய ஒன்றுக்குத் துணியையும் நூலையும் மெழுகையும் கொடுத்த மனம், கேட்பவன் எதை நம்புவான் என்று எண்ணிப் பார்த்த மனம். பட்டியலின் கடைசியில் 'பிற' என்று திறந்துவிட்டதும் அதே எண்ணத்தின் விளைவு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் கேட்பவன் தானே செய்து பார்த்துப் பொய் என்பான். எதையும் சொல்லாவிட்டால் மாயம் என்பான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அந்தப் பாட்டு.

அடுத்து காலம். செய்து முடிக்க ஏழு நாள். தெய்வம் நினைத்தவுடன் தருவதற்கும் தொழிலாளி நாள் எடுத்துச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு குறிப்பிலேயே நிலைநிறுத்தப்பட்டுவிடுகிறது. அதன்பின் பயிற்சி. மாடங்களின் மேலும் சோலைகளின் மேலும் சில நாள், சிறிது சிறிதாக, உயரமும் தொலைவும் கூட்டி ஓட்டிப் பழகுகிறாள் விசயை. கடைசியாக இயக்கும் முறை: விசையை வலமாகத் திருப்பினால் மேகத்தைப் பிளந்து எழும், இடமாகத் திருப்பினால் இறங்கிக் கால் குவித்து அமரும். இதைத் தவிர அந்த மயிலுக்கு வேறு ஆற்றல் இல்லை. பேசாது, போரிடாது, தானாக வழி அறியாது.

இங்கேதான் முந்தைய வாசிப்போடு நான் முரண்படும் இடம் வருகிறது. விசையைத் திருப்பும் பாட்டில் அரசியின் விரல்களைப் பண் இசைத்துப் பழகிய விரல்கள் என்கிறார் புலவர். இதை மகளிரை வருணிக்கும் வழக்கமான அடை என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, அவள் ஓட்டப் பழகும் பாட்டிலும் பாடலோடு ஒப்பிட்டே பழக்கத்தின் மென்மை சொல்லப்படுகிறது. ஒருமுறை வந்தால் வழக்கம் எனலாம். பொறியைக் கையாளும் இரண்டு இடங்களிலும் இசையே வந்து நிற்பது வெறும் வழக்கமாகத் தோன்றவில்லை. யாழ் மீட்டிப் பழகிய கைக்கு எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு ஏறும் என்பது தெரியும். அந்தக் கைப்பழக்கமே இங்கே மயிலை ஓட்டும் தகுதி. அரசி என்பதால் அந்தத் தகுதி அவளுக்கு வந்துவிடவில்லை.

இந்த வாசிப்பைக் காப்பியமே பின்னால் உறுதிசெய்கிறது என்று கருதுகிறேன். விசயை வானத்தில் இருக்கும்போது கட்டியங்காரனின் வெற்றி முரசு ஒலிக்கிறது. கணவன் இறந்தான் என்று அந்த ஒலியிலிருந்தே அறிகிறாள்; மயங்குகிறாள்; செலுத்துவார் இல்லாமல் பொறி இறங்குகிறது. மெழுகு உருகவில்லை, நூல் அறுபடவில்லை. கிரேக்கக் கதையில் இக்காரசின் மெழுகு வெயிலில் உருகிச் சிறகு கழன்றதால் அவன் கடலில் விழுந்தான். அங்கே பொருள் தோற்றது. இங்கே பொருள் தோற்கவில்லை. இசையறிந்த கை ஓட்டிய ஒன்றை ஒரு முரசொலி தரைக்குக் கொண்டுவருகிறது. பொறிக்கு மனிதக் கை வேண்டும் என்று முன்பே விதி வகுத்துவிட்டதால், கை தளர்ந்ததும் அது இறங்குவது கேட்பவருக்கு ஏமாற்றாகத் தெரிவதில்லை. தான் வகுத்த விதியைத் தன் கதாபாத்திரத்துக்கு எதிராகவே நிறைவேற்றும் துணிவு இது. விதி கட்டிய புனைவு என்று எதைச் சொல்கிறோமோ அதன் உயிரான இலக்கணம் இதைவிட வேறில்லை. உர்சுலா லெ குவின் 1968இல் எர்த்சீ உலகின் முதல் நாவலில் மந்திரத்துக்கு விலை வைத்தபோது செய்ததும் இந்த வகையைச் சேர்ந்த காரியமே.

கோட்டை வருணனையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இராசமாபுரத்து மதில்மேல் பகைவரைக் கொல்லும் பொறிகள் பல இருப்பதை நகர்ச் சிறப்பில் புலவர் முன்பே சொல்லிவிடுகிறார். எனவே மயிற்பொறி வெற்றிடத்தில் முளைத்த விந்தை அல்ல. பொறி செய்யத் தெரிந்த ஊரில்தான் அது செய்யப்பட்டது. ஆனால் மதிற்பொறிகள் எல்லாம் வெளியே பார்த்து நிற்பவை. அரசைக் கொள்பவனோ உள்ளேயிருக்கும் அமைச்சன். வெளிப்பகைக்கென்று அமைந்த அத்தனை கருவியும் பயனற்றுப்போன இரவில், மதிலைத் தாண்டிப் போகும் ஒரே ஒரு பொறி மட்டும் உதவுகிறது. ஒரு கற்பனை உலகின் கருவிகளை அதன் அரசியலோடு இவ்வளவு இறுக்கமாகப் பிணைத்த இன்னோர் இடம் நம் காப்பியங்களில் எனக்குத் தெரியவில்லை.

சிந்தாமணியில் மந்திரமும் வித்தையும் நிறைய வருகின்றன, அவற்றுக்கு நடுவே விதி எங்கே என்று கேட்கலாம். வருகின்றனதான். சுதஞ்சணன் என்ற தேவன் சீவகனுக்கு இனிய குரலும் நஞ்சு நீக்கமும் வேற்றுரு எடுத்தலும் தரும் மூன்று மந்திரங்களை அளிக்கிறான். சீதத்தனின் கப்பல் கவிழ்ந்ததுபோல விஞ்சையன் ஒருவன் மாயம் காட்டுகிறான். ஆனால் கணக்கு தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. மந்திரம் நன்றிக்கடனாக வருகிறது. மாயம் விஞ்சையர் பிறப்போடு வருகிறது. பொறி மட்டுமே மனித உழைப்பால் வருகிறது. சுடுகாட்டில் தோழியின் உருவில் வரும் தெய்வமும் பொறி இறங்கியபின்தான் வருகிறது. ஆறுதல் சொல்கிறது, தவப்பள்ளிக்குச் சேர்ப்பிக்கிறது. விழும் மயிலைத் தாங்கிப் பிடிக்கும் வேலையைப் புலவர் அந்தத் தெய்வத்துக்குக் கொடுக்கவில்லை.

வாதீபசிம்மரின் வடமொழி நூல்களிலும் சீவகன் கதை இருப்பதால் இது தமிழ்க் கற்பனை ஆகாது என்ற மறுப்பும் உண்டு. கதை எங்கிருந்து வந்தது என்பது இங்கே கேள்வியே அல்ல. பறக்கும் பொறிகள் பிருகத்கதை மரபில் பரவலாக உண்டு, பெருங்கதையிலும் உண்டு. விரல், விசை, முரசு என்ற இந்த வரிசையைத் தமிழில் கட்டியவர் திருத்தக்கதேவர். அதுவே போதும்.

பொருளறிவே ஆற்றல் என்ற இந்த உலகின் விதி நாமகள் இலம்பகத்தோடு நின்றுவிடவில்லை. காந்தருவதத்தையோடு யாழில் போட்டியிடும்போது சீவகன் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக மறுக்கிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று அழுகியது, ஒன்று வெந்தது, ஒன்று இடி விழுந்தது. இசைக்கு முன்னால் மரத்தைப் படிக்கிறான். தாயைச் சுமந்த மயிலின் பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்கிய அதே புலவர், மகனின் வெற்றியையும் பொருளறிவின் மேல் நிறுத்துகிறார். மண்மகள் இலம்பகத்தில் அவன் அரசுரிமையை நோக்கி வைக்கும் அடியும் ஒரு பொறியின் முன்னால்தான்: சுழலும் பன்றிப் பொறியை அம்பால் வீழ்த்துகிறான். இந்த மூன்று இடங்களையும் ஒருசேர வைத்து நோக்கினால், சிந்தாமணியை எட்டு மணங்களின் வரிசையாக மட்டும் கண்டு மணநூல் என்று அழைத்துவந்த வழக்கம் அதன் பாதியை மறைத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. விசயையின் கையும் சீவகனின் கையும் ஒரே திறமையைப் பகிர்கின்றன என்ற முடிவுக்கு இன்னும் விரிவான சான்று வேண்டும். அந்தத் திசையில் பாட்டுகள் காட்டுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

உ.வே.சாமிநாதையர் சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அதன்பின் அதன் சமயமும் அணியும் காலமும் ஓயாமல் ஆராயப்பட்டுள்ளன. காப்பியங்களில் வரும் பொறிகளை, அவற்றின் பொருள், செய்த காலம், இயக்கும் முறை, எல்லை ஆகியவற்றோடு தொகுத்துப் படிக்கும் வேலைக்கு இனி ஆள் வேண்டும். மதிற்பொறிகளைப் பேசும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையையும் உதயணனைப் பிடித்த பெருங்கதையின் எந்திர யானையையும் இதோடு சேர்க்கலாம். இயந்திரமில்லாத உலகங்களை இன்று தமிழில் எழுதும் நாவலாசிரியர்கள் அந்தத் தொகுப்பை ஆங்கில நூல்களுக்கு முன்னால் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதை அவர்களுக்குத் தயார்செய்து கொடுக்க வேண்டும்.