அயலார் என்பவர் யார்?



‘அயல்’ என்பது தமிழில் விந்தையான ஒரு சொல். பக்கத்து வீட்டிலிருப்பவனும் அயலான். கடல் கடந்த நாட்டினனும் அயலான். யாழ்ப்பாணத்தார் இன்றும் அண்டை வீட்டாரை அயலவர் என்றே உரிமையோடு குறிப்பிடுகின்றனர். ‘பரதேசி’ என்ற வடசொல்லோ, வேற்று நாட்டவன் என்னும் பொருளில் வழங்கத் தொடங்கி, பிச்சைக்காரன் என்னும் பொருளில் வந்து நின்றுவிட்டது. கையில் காசில்லாதவனையே உலகம் அயலான் என்று கருதிற்றுப் போலும்! இதனை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வரலாறும் ஏறக்குறைய அவ்வாறே சொல்கின்றது.

எங்கள் ஊத்தங்கரை, பாராமகால் என வழங்கிய நாட்டைச் சேர்ந்தது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட அந்நாடு, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியாரின் வசமாயிற்று. மைசூர்க் குடியாயிருந்த உழவன், பிடித்த மேழியை விடாமலேயே கும்பினிக் குடியானான். நேற்றுவரை தன் அரசாயிருந்த மைசூர் அவனுக்கு வேற்றரசாயிற்று. பின்னர் இவ்வூர் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரியிலும், 2004 முதல் கிருட்டிணகிரியிலும் அடங்கிற்று. சந்தைக்குச் சென்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் காதில் விழும். புளிக்கு விலை பேசுவோர் ஒருவரையொருவர் அன்னியர் என்று எண்ணுவதில்லை.

அவ்வாண்டிலேயே காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பாரும், அவருக்குத் துணையாகத் தாமசு மன்றோவும் இங்கே வரித்திட்டம் செய்ய வந்தனர். மன்றோ 1761-இல் கிளாசுகோ நகரில் பிறந்தவர். நம் மொழியும் சமயமும் அவருக்குப் பிறப்பால் உரியவை அல்ல. அவரை மக்கள் என்ன சொல்லி அழைத்தனர்? ‘துரை’ என்றனர். முகத்துக்கு நேரே அன்னியன் என்று சொல்லத் துணிந்தவர் யார்? அவரே 1820-இல் சென்னை மாகாணத்தின் கவர்னரும் ஆனார்.

இனி, எதிர்த்திசையில் சென்றோரைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே இலங்கைக்குச் சென்றனர். தனுசுகோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அங்கே காடழித்துக் காப்பி பயிரிட்டனர். காப்பி நோயால் அழிந்தபின் தேயிலை பயிரிட்டனர். அம்மண்ணிலேயே தலைமுறைகள் கழிந்தன. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்கும் அளித்தனர். மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிவிட்டது. 1964 அக்டோபரில் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கூடி 9,75,000 பேரின் கணக்கைப் பேசினர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த எச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளப் பின்னும் பத்தாண்டுகள் சென்றன. நெல் மூட்டைகளைக்கூட இதனினும் கவனமாகப் பங்கிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து இப்பகுதியில் பணியேற்ற புதிதில், அவ்வாறு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். நான் அவனை எழுப்பி, “இவன் வெளிநாட்டுப் பையன், அன்பாகப் பழகுங்கள்” என்றேன். நல்லதையே செய்வதாக எனக்கு எண்ணம்! சிறுவன் தலைகுனிந்தவாறே, “அங்கே எங்களை இந்தியாக்காரன் என்று சொல்வாங்க, ஐயா” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சற்றுச் சிரித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய குடும்ப அட்டையைத் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். நான் கேளாமலே அதை விரித்துக் காட்டி, தம் பாட்டனார் பிறந்த ஊரின் பெயரையும் சொன்னார். அவ்வூர் பள்ளியிலிருந்து நான்கு கல் தொலைவில் உள்ளது. நானோ தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, வேலை கிடைத்த பின்னரே ஊத்தங்கரையைக் கண்ணால் கண்டவன். என்னிடம் எவரும் அதுவரை அட்டை கேட்டதில்லை.