சுங்கச்சாவடியில் பிறந்த வித்தை

கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் செங்கோட்டை ரயிலுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். அதிலுள்ள செயலிகள் பலவும் ஜாவா என்ற மொழியில் எழுதப்பட்டவை. பெயரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அது நடந்து வந்த வழியோ நார்வேயில் தொடங்குகிறது.

முதலில் ஜாவாவின் சரக்கான பொருள்நோக்கு நிரலாக்கம் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊர் அப்பளமே அதற்குப் போதும். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம், பிரண்டைச் சாறு: இந்த அளவும் பக்குவமும் சேர்ந்தது 'கிளாஸ்'. அதன்படி இட்டு உலர்த்திய ஒவ்வோர் அப்பளமும் ஓர் 'ஆப்ஜெக்ட்'. பக்குவத்தைப் பொரிக்க முடியாது, அப்பளத்தைத்தான் பொரிக்கலாம். அதே பக்குவத்தோடு மிளகு சேர்த்தால் மிளகு அப்பளம். மற்றதையெல்லாம் மறுபடி எழுத வேண்டாம். இது மரபுரிமம். 'பொரி' என்ற ஒரே கட்டளைக்கு அப்பளம் விரியும், வடகம் உப்பும், வத்தல் சிவக்கும். இது பல்லுருவாக்கம். காரம் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமலே சாப்பிட முடிகிறதே, அது உறைபொதியாக்கம்.

இந்த முறைக்கு விதை விழுந்தது 1960களில், ஆஸ்லோவிலிருந்த நார்வே கணினி மையத்தில். தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் எங்கே வரிசை தேங்குகிறது என்பதைக் கணினியில் நடத்திப் பார்க்க ஒரு மொழி வேண்டும் என்று கிறிஸ்டன் நைகார்டும் ஓலே யோஹான் டாலும் முனைந்தார்கள். 1965இல் 'சிமுலா' ஓடத் தொடங்கியது. பிறகு அவர்கள் யோசித்துப் பார்த்தவற்றில் ஒன்று, பாலத்துச் சுங்கச்சாவடி. வரிசையில் லாரி, பஸ், கார் என்று பலவிதம். வண்டிக்கு வண்டி குணம் வேறு. வரிசையில் நிற்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பொதுவை ஒருமுறை எழுதி, அதன் மேல் லாரியையும் பஸ்ஸையும் கட்டினால் என்ன? பிரிட்டனின் டோனி ஹோர் முன்வைத்திருந்த ஒரு யோசனையும் கைகொடுத்தது. அப்படி உருவான 'சிமுலா 67'தான் கிளாஸையும் மரபுரிமத்தையும் உலகுக்குத் தந்தது.

அதற்குச் சற்று முன், 1966இல், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு விபத்து. புதிதாகச் சேர்ந்த ஆலன் கேயிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, "இது அல்கால் மொழி, ஓடவில்லை, ஓட வை" என்றார்கள். உள்ளே இருந்ததோ ஒன்றும் பிடிபடவில்லை. நிரல் அச்சிட்ட காகிதத்தை வராந்தாவில் ஏறத்தாழ 80 அடிக்கு விரித்து, இன்னொரு மாணவரோடு அதன் மேல் தவழ்ந்தபடியே படித்தார் கே. அது அல்காலே இல்லை, நார்வேக்காரர்களின் சிமுலா. கணிதத்தோடு உயிரியலும் படித்தவர் அவர். உயிரணுக்களைப் போல ஆப்ஜெக்டுகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளட்டும் என்று எண்ணினார். 1972இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 'ஸ்மால்டாக்' பிறந்தது. 1979இல் அங்கே வந்த ஸ்டீவ் ஜாப்ஸின் கண், திரையின் ஜன்னல்களிலேயே நின்றுவிட்டது. ஆப்ஜெக்டைக் கவனிக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இன்னொரு கிளை கேம்பிரிட்ஜில் விட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப்புக்குச் சிமுலாவில் எழுதுவது இனித்தது, ஓட்டினால் ஆமை வேகம். 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனவர், வேகமான சி மொழியின் மேல் சிமுலாவின் கிளாஸை ஏற்றினார். 1983இல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது.

1991இல் சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழு, வீட்டுச் சாதனங்களுக்கென்று ஒரு மொழியைச் செய்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொருவர் வசம் இருந்ததால் 'ஜாவா' ஆனது. சாதனச் சந்தை கைகொடுக்கவில்லை; அந்நேரம் பார்த்து இணையம் வந்தது. எந்தக் கணினியிலும் ஓடும் என்பதால் 1995இல் ஜாவா அதில் ஏறிக்கொண்டது. மைக்ரோசாப்ட் அதைப் பின்பற்றி 2000இல் சி ஷார்ப் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு எடுத்தாண்ட ஜாவாவுக்காக, சன்னை வாங்கிய ஆரக்கிளும் ஆண்ட்ராய்டின் கூகுளும் 2010 முதல் 2021 வரை வழக்காடின; அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கூகுள் வென்றது.

ஜாவா வெளிவந்த மறு ஆண்டே, 1996இல், ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய அட்வென்ட்நெட், ஜாவாவில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் எழுதியது. பின்னாளில் ஜோஹோ என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2011இல் தென்காசியில் கிளை திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஜோஹோ டெஸ்க்' அங்கே உருவானது. சிற்றாற்றுப் பக்கத்துப் பிள்ளைகள், ஊரை விடாமலே உலகத்துக்கு மென்பொருள் எழுதலானார்கள்.

இந்தக் கதையில் எவரும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. டால் ஹோரிடம் வாங்கினார்; ஸ்ட்ரௌஸ்ட்ரப் டாலிடம் வாங்கினார்; கோஸ்லிங் அத்தனை பேரிடமும் வாங்கினார். வாங்கிய ஒவ்வொருவரும் தன் தேவைக்காக ஒன்றை மாற்ற, அந்த மாற்றமே அடுத்தவருக்கு முதலானது. நம் பிளஸ் ஒன் பாடநூலில் சி++ இருக்கிறது, பிளஸ் டூவில் பைத்தான் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் விடையோடு இந்தக் கைமாற்றுக் கதையையும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். அந்த மொழிகளைத் திருத்தவும் புதிதாக ஒன்றைச் செய்யவும் தங்களுக்கும் உரிமை உண்டு என்பதைப் பிள்ளைகள் அப்போது உணர்வார்கள்.