முறிந்த பேரமும் முறியாத ஒப்பந்தமும்

வணிகவியல் மாணவனான எனக்கு 'ஒப்பந்தம்' என்றால் தேர்வில் வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு நிலத்தின் வில்லங்கச் சான்றைப் பார்த்தால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

வெறும் விற்பனை ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையும் தராது என்றது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம். முன்பணம் கொடுத்த காரணத்துக்காக மட்டும் அதைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று 1927-ல் பதிவுச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். 2012-ல் தமிழக அரசின் திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம் ஆனது.

நல்ல விஷயம்தான். ஒரே மனையை இரண்டு பேரிடம் பேசி முன்பணம் வாங்கினால் சான்று காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, பேரம் முறிந்தால்? ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட, 1963-ம் வருட காலவரையறைச் சட்டம் தருவது 3 ஆண்டுகள். அந்தக் கெடு போனாலும் பதிவு தானாகப் போகாது. இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிய வேண்டும். ஒருவர் மறுத்தால் நீதிமன்றப் படிதான். அதுவரை அடுத்து வாங்க வருபவர் தயங்குவார், வங்கியும் கேள்வி கேட்கும்.

எனவே நண்பர்களே, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே ரத்தையும் பதிந்துவிடுங்கள். மனம் கசந்த பிறகு கையெழுத்து கிடைப்பது கஷ்டம்!